கேப்டன் மேகலாவின் தொப்பி என்ன நிறம்?

இல்யாஸ் பாய் பொய் சொல்லவில்லை. அதுதான் வினை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினார். அது தொண்டையிலேயே நின்றுகொண்டது.

உக்கடத்தில் கடைப் பலகை எழுதுகிறவர். பேக்கரிச் சுவரில் கேக், லாரியின் பின்னால் ரோஜாப்பூ, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னமும். எதிலும் அவர் பேர் இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் 'விண்கலம் ஏழு' ஓடினால் பிரஷை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். தொண்ணூற்று மூன்றில் அந்தத் தொடரைத் திடுதிப்பென்று நிறுத்திவிட்டார்கள், பாவிகள்! கேப்டன் மேகலாவின் கலம் கரும்புகைக்குள் நுழைந்தது; வெளியே வந்ததா இல்லையா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மீதிக் கதையைச் சித்திரக்கதையாகப் போட அனுமதி வாங்கினார், டவுன்ஹால் பக்கம் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருந்த லட்சுமிநாராயணன். படம் போட இல்யாஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க பாய், தொடர முழுசாப் பாத்தீங்களா?"

"ஒரு வாரங்கூட உடலைங்க."

"அப்பச் சரிங்க. அட்டையில உங்க பேரு வரும். உள்ள முழுக்கக் கலருங்க."

கலர்! இல்யாஸ் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் வீட்டு டிவி கருப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் பாதி ஊர் செய்த மாதிரி, அவரும் அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டியிருந்தார்: மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, அடியில் பச்சை. மேகலா நிமிர்ந்து நின்றால் தொப்பி நீலம், சட்டை ஆரஞ்சு, பூட்ஸ் பச்சை. குனிந்தால் தொப்பியும் ஆரஞ்சு. செய்தி வாசிக்கிற அம்மாவுக்கும் தலைமுடி நீலம்தான். அசல் நிறம் யாருக்குத் தெரியும்? அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை மெட்ராஸ்காரன் எவனுக்காவது போய்விடும். முதல் தடவையாகப் பேர் அச்சில் வரப்போகிறது. மனிதர் வாயைத் திறப்பாரா?

"யார்கிட்டயாச்சும் கேட்டுப்போட்டு வாங்களேன்," என்றாள் மனைவி சாஜிதா பேகம்.

கேட்டார். டீக்கடைக்காரர் தொப்பி நீலம் என்றார். தையல்கடைக்காரர் நீலமேதான் என்று சத்தியம் பண்ணினார். இரண்டு வீட்டிலும் அதே தகடு! கலர் டிவி வைத்திருந்த டாக்டர் வீட்டு வாசல்வரை போனார். விஷயம் பதிப்பகத்துக்கு எட்டிவிட்டால்? கேட்டைத் தொடாமலே திரும்பினார். கடைசியில் தன் டிவியில் பார்த்தபடியே வண்ணம் தீட்டிக் கொடுத்தார். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தார்.

அட்டையின் மாதிரி அச்சாகி வந்திருக்கிறதென்று இல்யாஸ் பார்க்கப் போன அன்று பதிப்பகத்தில் லட்சுமிநாராயணனின் அக்கா மகன் கிருபாசங்கர் உட்கார்ந்திருந்தான். கோபிசெட்டிபாளையத்தில் வசதியான வீடு.

"இதென்ன கூத்துங்க மாமா?" என்று சிரித்தான். "அந்தம்மா தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் வெள்ளையில்லீங்களா! எங்கூட்டுக் கலர் டிவில பாத்தனே!"

போச்சு, எல்லாம் போச்சு.

"மன்னிச்சுப்போடுங்க மொதலாளி," என்றார் இல்யாஸ். "எங்கூட்ல கருப்பு வெள்ளைங்க. கலர் தகடு மாட்டியிருந்தனுங்க."

லட்சுமிநாராயணன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல நீலம், அடியில பச்சைங்களா?"

"ஆமாங்க."

"எங்கூட்லயும் அதேதானுங்க," என்றார், வெட்கத்தோடு. "நீங்க கொண்டாந்தப்ப மேகலாவே வந்து நிக்கறாப்பல இருந்துச்சு. அதான் ஒரு வார்த்தை கேக்கலைங்க."

"அப்ப வெள்ளையா மாத்திப்போடுங்க மாமா," என்றான் கிருபாசங்கர்.

"நீ சும்மா இரு கண்ணு. வெள்ளைத் தொப்பி போட்டா நம்மூர்ல பாதிப் பேரு இதாரு புதுசான்னு கேப்பாங்க." அச்சுக்கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "மெசின்ல ஏத்துங்கப்பா!"

நன்றி சொல்ல எழுந்தார் இல்யாஸ். திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.