ஜெயசித்ரா வைத்த கவட்டை

ஜெயசித்ராவின் பட்டறைக்குப் புதிதாக வருகிற எவரும் முதலில் கேட்பது, "ஓனர் இல்லியா?" என்றுதான். நெற்றியில் தூக்கிவிட்ட முகமூடியும் கையில் வெல்டிங் கம்பியுமாக நிற்கிறவளிடமே கேட்பார்கள். "கீறாரு, சொல்லு," என்று அவள் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவாள். பாகூரில் பட்டறை போட்ட பதினாறு வருடமாக இதே கேள்வி, இதே பதில். கேட்கிறவர்களுக்கு வெட்கம் வருவதில்லை. அவளுக்கும் சலிப்பு வந்ததில்லை.

ஐ.டி.ஐ.யில் சேரப் போன அன்றே இது ஆரம்பித்துவிட்டது. விண்ணப்பம் வாங்கியவர் இவள் முகத்தைப் பார்த்தார், தானாகவே 'தையல்' என்று எழுதினார். இவள் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 'வெல்டிங்' என்று எழுதினாள். கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிற செல்லக்கண்ணுவின் மகளுக்கு இவ்வளவு திமிரா என்று அவர் கேட்டாரோ இல்லையோ, பார்த்த பார்வை அதைத்தான் கேட்டது. இன்று சுற்று வட்டாரத்தில் கரும்பு ஏற்றுகிற டிரெய்லர்களில் பாதி அவள் கைவேலை. வயது நாற்பத்தொன்று.

அந்தப் பெயரை நம்பித்தான் பனித்திட்டு மீனவர்கள் அவளிடம் வந்தார்கள். கடல் கரையை அரித்துத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்த இடத்திலும் கருங்கல் கொட்டியாயிற்று. முன்பு போல மணலில் படகை இழுத்து ஏற்ற வழியில்லை. கற்களுக்கு நடுவே ஒரே ஒரு சிமெண்ட் சரிவு. டிராக்டர் அதில் பின்பக்கமாக இறங்கி டிரெய்லரைத் தண்ணீருக்குள் விடும், படகு அதன்மேல் ஏறும், டிராக்டர் மேலே இழுத்துவிடும். இரண்டு டிரெய்லர் கேட்டார்கள். முதல் ஒன்றை ஜெயசித்ரா ஒரே மாதத்தில் முடித்து அனுப்பினாள். இரும்பு என்றால் இரும்பு, யானையை ஏற்றினாலும் தாங்கும்.

தப்பும் அங்கேதான். கரும்பு வண்டி செய்து பழகிய கை, ஓரத்து இரும்புச் சட்டத்தைக் கூர் மழுக்காமல் அப்படியே விட்டுவிட்டது. கரும்பு இடித்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபைபர் படகின் தோல் அரை விரல் கனம்தான்.

அதோடு அந்த ஊரில் ஒரு வழக்கமும் உண்டு. கடலிலிருந்து திரும்பும் படகின் முன்முனையை, அவர்கள் அணியம் என்பார்கள், ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். அங்கேதான் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், அங்கேதான் சாமி. மணல் கரையில் அது அழகாகத்தான் இருந்தது. இரும்பு வண்டி வந்தபின், அலை தள்ளுகிற படகுக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்தக் கை மாட்டிக்கொண்டது. வண்டி வந்த முதல் மாதமே பக்கிரியின் இடது சுண்டுவிரலில் பாதி போயிற்று. பக்கிரி அந்தக் கரையில் மூத்த படகுக்காரர், அவர் சொல்லை அங்கே யாரும் தட்டுவதில்லை. விரல் போனதற்கு அவர் கடலைத் திட்டவில்லை, வழக்கத்தைத் திட்டவில்லை. ஜெயசித்ராவைத் திட்டினார்.

விஷயம் காதுக்கு வந்ததும் அவள் எக்ஸ்எல் வண்டியில் குழாய்களைக் கட்டிக்கொண்டு தானே போய் நின்றாள். டிரெய்லரின் இரு பக்கமும் பின்னால் அகலமாக, முன்னால் போகப்போக ஒடுங்குகிற மாதிரி இரண்டு குழாய்களைச் சாய்த்துப் பற்ற வைத்தாள். படகு எந்தக் கோணத்தில் வந்தாலும் அணியம் குழாயில் சாய்ந்து நடுவுக்கு வந்துவிடும், சட்டத்தில் மோதாது. பார்ப்பதற்குப் பெரிய கவட்டை ஒன்றைப் படுக்கவைத்தது போலிருந்தது. படகு உரசாமல் இருக்க, லாரி டயரைக் கீற்றுக் கீற்றாக அறுத்துக் குழாய்மேல் சுற்றினாள். கரும்பு லாரி டயர் பட்டறையில் குவிந்து கிடந்தது.

லாரி டயருக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் உப்புத் தண்ணீர் பத்தே நாளில் ரப்பரைக் கடந்து அந்தக் கம்பியை வெளியே நீட்டும் என்று தெரியாது. நீட்டிய கம்பி பக்கிரியின் படகில்தான் கிழித்தது, அதுவும் குங்குமத்துக்குக் குறுக்கே. மறுநாள் காலை அவள் பட்டறை வாசலில் பக்கிரி அறுத்தெடுத்த இரண்டு குழாய்களும் கிடந்தன. கூடவே டிராக்டர் ஓட்டும் மணிவண்ணன் நின்றான்.

"ஜன்னல் கம்பி செய்யறவ ஜன்னல் கம்பியோட நின்னுக்கட்டும், இனிமே கரைப்பக்கம் வரக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. ரெண்டாவது வண்டியும் வேணாமாம்."

ஜெயசித்ராவுக்கு முகம் எரிந்தது. கிழித்தது தன் தப்பு என்பது அவளுக்குத் தெரியும், அதை மறுக்க அவள் தயாரில்லை. ஆனால் தப்பைத் திருத்த விடாமல் துரத்துவது வேறு. இந்தப் பேச்சோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், 'கடல் வண்டி செய்யத் துப்பில்லாதவள்' என்ற பெயர் பாகூர் வரைக்கும் நடந்து வந்துவிடும். அப்புறம் கரும்பு வண்டிக்கும் வேறு பட்டறை தேடுவார்கள். பதினாறு வருடப் பெயரை ஒரு டயர் கம்பி கிழித்துவிட்டுப் போக அவள் விடுவதாயில்லை.

"தப்பு என்னுதுதான்னு சொல்லு. அத சரி பண்ண வருவேன்னும் சொல்லு," என்றாள்.

"வந்தா வெட்டுவாரு."

"கம்பிய வெட்டட்டும். அத எனக்கு திரும்ப ஒட்டத் தெரியும்."

இந்த முறை டயர் பக்கமே அவள் போகவில்லை. இரும்புக் குழாய்மேல் வழவழப்பான பிளாஸ்டிக் குழாயைத் தளர்வாக மாட்டினாள். படகு பட்டால் அது உருளும், உருண்டால் கீறாது. ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பழைய இரும்புக் கதவைக் குழாயில் நூறு தடவை இடித்துப் பார்த்தாள். கதவின் பெயிண்ட் கூடப் போகவில்லை. ஒன்றே ஒன்றுதான் குறை, படகின் அளவு சரியாகத் தெரிய வேண்டும். ஆண்கள் மீன் ஏலத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கரைக்குப் போனாள். பக்கிரியின் மனைவி விஜயகுமாரி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். அளந்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மிச்சம் ஒம்பது விரலாவது இருக்கட்டும். நல்லா செய்யி."

ஐப்பசியில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஜெயசித்ரா புதுக் குழாய்களோடு போய் இறங்கினாள். படகுகள் கடலுக்குள் இருந்தன. ஏலக் கூடத்திலிருந்து ஒயர் இழுத்து, மணிவண்ணன் "வேணாம்க்கா, வேணாம்க்கா" என்று சொல்லச் சொல்ல, இரண்டையும் பற்ற வைத்து முடித்தாள். முதலில் திரும்பியது பக்கிரியின் படகு. மகனிடம் என்ஜினைக் கொடுத்துவிட்டு அவர் தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். குழாயைப் பார்த்தார்.

"இன்னா தெகிரியம் உனக்கு! நாந்தான் வராதேன்னு சொன்னேனில்ல?"

"சொன்னீங்கண்ணே. ஒரே ஒரு தபா வுடுங்க. ஒரு கோடு வுழுந்தா நானே அறுத்து எடுத்துகினு போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்."

"அணியத்த கைதான் புடிக்கணும். கம்பி புடிக்கக் கூடாது."

"சாமிக்கு உங்க விரலு தேவையாண்ணே?"

பக்கிரி டிரெய்லரின் வாயில் போய் நின்று, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார். பின்னால் பெரிய அலை ஒன்று எழுந்து வந்தது. படகு நேராக வராமல் பக்கவாட்டில் திரும்பிப் பாய்ந்தது.

"கைய எடுங்க!" என்று ஜெயசித்ரா கத்தினாள்.

அவர் எடுக்கவில்லை. வீம்பு. கரையில் நின்ற விஜயகுமாரி வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டாள். அணியம் அவர் உள்ளங்கையை உரசியபடியே வந்து குழாயில் மோதியது. பிளாஸ்டிக் குழாய் கடகடவென்று உருண்டது. போன முறை விரலை வாங்கிய அதே இடம்தான். படகு குழாயோடு வழுக்கி நடுவுக்குத் திரும்பி, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

டிராக்டர் மேலே இழுத்தது. பக்கிரி ஈரக் கையால் அணியத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார். மறுபக்கம் போய்த் தடவினார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார். குங்குமம் கூடக் கலையவில்லை. கோடு இருக்கும் என்று அவரும் தேடினார், இருக்கக் கூடாது என்று ஜெயசித்ராவும் தேடினாள்.

"ரெண்டாவது வண்டியும் செஞ்சி குடுத்துடு," என்று பக்கிரி கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"செய்யறேன். அதுக்கு முன்ன இந்த வண்டியில இன்னும் ஒரு தாங்கு ஒட்டணும். அப்பத்தான் குழாய் அசையாது. ஒட்டறப்ப ஒருத்தர் புடிச்சிக்கணும்."

மணிவண்ணன் ஓடி வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ இல்ல. அறுத்தவருதான் புடிக்கணும்."

சுற்றி நின்றவர்கள் பக்கிரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார், வேட்டியை மடித்துக் கட்டினார், பிறகு மெல்ல வந்து குனிந்து, ஒன்பதரை விரலாலும் குழாயைப் பிடித்தார்.

ஜெயசித்ரா முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"கண்ண மூடிக்கோங்கண்ணே. நான் சொன்னாதான் தொறக்கணும்."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பக்கிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.