சொட்டாத கீசர்

பொற்கொடிக்கு வாய் கொஞ்சம் நீளம். கைவேலை அத்தனை சுத்தம் என்பதால் ஓசூரை அடுத்த மத்திகிரியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கீசர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று புதிதாகப் போன் செய்கிறவர்கள், ஸ்கூட்டரிலிருந்து இறங்கும் நாற்பது வயதுப் பெண்ணைப் பார்த்ததும், "மெக்கானிக் வரலிங்களா?" என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"வந்தாச்சு. பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள். பதினோரு வருடம் பேக்கிங் லைனில் நின்றே வேலை பார்த்ததில் கால் வீங்கிப்போக, அதை விட்டுவிட்டு மூன்று மாதம் பயிற்சி எடுத்து கீசர் வேலைக்கு வந்தாள். சரியான தொழிலைத்தான் பிடித்தாள். தெற்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்கள் ஐப்பசி வரைக்கும் வீராப்பாகப் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்கள். மார்கழி பிறந்ததும் பல் கிட்டிக்கப் போய் கீசர் கடையில் நிற்பார்கள். அப்படி நின்ற கோவில்பட்டிக்காரன் ஒருவனைத்தான் அவளும் கட்டிக்கொண்டிருக்கிறாள். பெயர் தங்கதுரை, உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சுடுதண்ணீரை இன்னமும் 'வென்னி' என்றுதான் சொல்வான். காலையில் ஒரு குளியல், ஷிப்ட் முடிந்து வந்து ஒரு குளியல். நடுவே கீசரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், பேச்சு சுவாரசியத்தில் அதை மறந்தும் விடுவான்.

கீசர் வாங்கப் போகிறவர்கள் கடைக்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள். பதில் உடனே கிடைக்காது. வீட்டில் எத்தனை பேர், வாளியில் பிடித்துக் குளிப்பதா ஷவரா, போர் தண்ணியா என்று அவள்தான் முதலில் கேட்பாள். போர் தண்ணீர் என்றால் முகம் சுளிக்கும்.

"வெளிய பளபளன்னு இருக்கறத பாத்து ஏமாறாதீங்க. உள்ள டேங்குக்கு என்ன பூச்சு, எத்தன வருசம் கேரண்டின்னு கேளுங்க. நாலு பேருன்னா பதினஞ்சு லிட்டருக்குக் கொறைய வேண்டாம்."

வாங்கிய பிறகும் விடமாட்டாள். வருடத்துக்கு ஒரு முறை கழற்றி, காய்ந்த இட்லி மாவு மாதிரி உள்ளே படிந்திருக்கும் உப்பைச் சுரண்டியாக வேண்டும். டேங்கில் துரு பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி உண்டு. டேங்குக்குப் பதில் அது கரைந்துகொண்டிருக்கும். பாதி கரைந்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்வாள். டேங்கே ஓட்டையாகிப்போய், அதற்கு ஒட்டுப்போடச் சொல்லி யாராவது கேட்டால்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஓட்ட டேங்குக்கு வைத்தியமே கெடையாது, தூக்கிப் போடுங்க" என்பாள்.

எல்லாம் சொல்லி முடித்து, ஸ்கூட்டரைக் கிளப்பும்போது கடைசியாக ஒன்று சொல்வாள். "எங்க வீட்டு கீசருக்கு நாலு வருசம் ஆவுது. ஒரு நாள், ஒரு சொட்டு ஒழுகுனதில்ல."

போன தை மாதம் வெங்கடப்பன் கூப்பிட்டார். மத்திகிரியில் நிலம் வைத்திருந்தவர், அதில் வரிசையாக ஆறு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மூன்றாவது வீட்டு கீசர் வயிறு ஊதிக்கொண்டு, அடியில் கசிந்துகொண்டிருந்தது. பொற்கொடி கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, கீசரை இறக்கி வைத்தாள்.

"கம்பெனிக்காரன் மட்டமான சரக்கத் தள்ளிட்டான், பாரும்மா" என்றார் வெங்கடப்பன்.

பொற்கொடி கீசர் பக்கம் குனிந்தாள். தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் இருக்கும் பித்தளை வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வால்வுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன வாய் உண்டு. சூட்டில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டும். சொட்டுகிறவரை டேங்குக்கு ஆபத்தில்லை. இந்த வால்வின் வாயை யாரோ பித்தளை மூடி போட்டுத் திருகி அடைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றினாள். மரையில் வெள்ளை டேப், அதற்கு அடியில் சிவப்புத் தையல் நூல்.

டேப்புக்கு அடியில் சிவப்பு நூல் சுற்றுகிற ஆள் அந்தப் பகுதியிலேயே ஒருத்திதான்.

அவள் அந்த மூடியைப் போட்டது தொழிலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில். "நீ வந்துட்டுப் போனதுலருந்து சொட்டுது" என்று ஏழு வீட்டில் குறை சொன்னார்கள். ஏற்கெனவே பொம்பளை மெக்கானிக் என்று ஓர் இளக்காரம். அவமானத்தில், யோசிக்காமல் ஏழு வால்வின் வாயையும் அடைத்துவிட்டு வந்தாள். சொட்டுவது பழுதல்ல, அதுதான் காவல் என்பது இரண்டு வருடம் கழித்து கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு பயிற்சியில்தான் தெரிந்தது. அன்றைக்கே ஏழு வீட்டுக்கும் ஓடியிருக்க வேண்டும். இந்நேரம் கீசரையே மாற்றியிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். உண்மையில் அது பயம். அரும்பாடுபட்டுச் சேர்த்த பேர் போய்விடுமே என்ற பயம்.

"கம்பெனி மேல தப்பு இல்லீங்கண்ணா" என்றாள். "இந்த மூடியப் போட்டது நான்தான். போடக் கூடாதது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா டேங்க் வெடிச்சிருக்கும்."

"அவுனா?" வெங்கடப்பனுக்கு அதிர்ச்சியில் வீட்டில் பேசும் தெலுங்குதான் வந்தது. கீழே கிடந்த டேங்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, கம்பெனி மேல பழியப் போட்டுட்டுப் போயிருந்தா எனக்கு என்ன தெரியப் போவுது?"

"தெரியாதுதான். ஆனா இன்னும் ஆறு வீட்டுல இதே மூடி இருக்குது. அவங்ககிட்ட என்ன சொல்லிக் கழட்டறது? உங்களுக்குப் புது கீசர் என் செலவுண்ணா. நாளைக்கு மாட்டிடறேன்."

அவர் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவள் வாசல் தாண்டும்போது, "மொதல்ல அந்த ஆறு வீட்டப் போய்ப் பாரு" என்றார்.

ஆறு வீட்டிலும் ஒரே பேச்சைத்தான் பேசினாள். நான் போட்ட மூடி, தப்பாகப் போட்டது, கழற்ற வந்திருக்கிறேன், இனிமேல் சொட்டும், சொட்டட்டும். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். கடைசி வீடு காட்டை ஒட்டிய சானமாவு ரோட்டில் இருந்தது. யானை ரோட்டுக்கு வருவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று வேகமாக முடித்து, வெளிச்சம் மங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்தாள். உடம்பு அசந்திருந்தது. மனசு மட்டும் லேசாக இருந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

தங்கதுரை தோளில் துண்டோடு டீ போட்டுக் கொடுத்தான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அம்புட்டு வீட்டுலயும் சொட்ட விட்டுட்டு வந்துட்ட. நம்ம வீட்டுதுதான் சொட்டவே சொட்டாது. மெக்கானிக் வீடுன்னா சும்மாவா?"

டம்ளர் வாய்க்குப் போகவில்லை. பாத்ரூமுக்குள் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எப்ப போட்டீங்க?"

"சானமாவுக்குப் போறேன்னு நீ போன் பண்ணுனப்ப. வென்னி கொதிச்சிருக்கும், ஏன்?"

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். அவனை வெளியே தள்ளிவிட்டு, அழுத்தம் இறங்கச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தாள். ஆவி குபுகுபுவென்று வந்தது. சூடு அடங்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். மூடி கழன்று வந்தது. வெள்ளை டேப், அடியில் சிவப்பு நூல். அதே முதல் குளிர்காலத்தில் அவளே மாட்டி அடைத்தது, அதற்குப் பிறகு ஒரு முறைகூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை. நாலு வருடமாகத் தினம் இரண்டு வேளை இதற்கு அடியில்தான் இவன் நின்று குளித்திருக்கிறான்.  ஸ்டூலிலிருந்து இறங்கி அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சூடு ஏறியதும் கரண்டைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்ததால் தப்பித்தோம் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லவே நெடுநேரம் ஆனது.

மறுநாள் காலை தங்கதுரை குளிக்கக் கீசரைப் போட்டான். சற்று நேரத்தில் வால்வு சொட்டத் தொடங்கியது. அவனே ஒரு மக்கை எடுத்து அடியில் வைத்தான். பொற்கொடி வெங்கடப்பன் வீட்டுக்குப் புது கீசரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. யாரோ புது ஆள், கீசர் சர்வீஸுக்கு.

"வரேங்க" என்றாள், பழைய மிடுக்கு குறையாமல். "எங்க வீட்டு கீசர் தினமும் சொட்டுது. உங்க வீட்டுது சொட்டுதா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."