ஜெபா சொன்ன பதில்கள்

மகன் நடந்து வரும் சத்தத்தை வைத்தே அவன் கால் எப்படி இருக்கிறது என்று ஆரோக்கியமேரி சொல்லிவிடுவாள். அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஜெபா வந்தபோது, வலது கால் வாசலிலேயே தேய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பேன்ட்டை ஏற்றிப் பார்த்தாள். கணுக்கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. எங்கும் இடறவில்லை, அடிபடவில்லை. நாளெல்லாம் நின்றபடி பம்ப் பாகங்களைப் பெட்டியில் அடுக்கியிருக்கிறான். உள்ளே ரத்தம் கசிய அதுவே போதும்.

"எப்பத்திலேர்ந்துடா வலிக்கிது?"

"மத்தியானம்."

"அப்பவே சொல்லிட்டு வந்தா இன்னா?"

"சொன்னா நாளைக்கு வராதேம்பாங்க. ஒரு நோயும் இல்லைன்னு சொல்லித்தானே சேந்தேன்? உனக்குத் தெரியாதா?"

தெரியும். அப்படிச் சொல்லச் சொன்னவளே அவள்தான்.

ரத்தம் உறையாத நோய் அவனுக்குப் பிறவியிலேயே இருந்தது. ஹீமோஃபீலியா என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, தவழ்கிற பிள்ளையாக இருந்தவனை முட்டி வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது. "உங்க பொறந்த வீட்டுல ஆம்பளைங்க யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர். அவள் தம்பி, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமலே செத்துப்போனவன். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. "இது தாய் வழியா வர்றதும்மா. உங்க தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அதில் முதல் பாதிதான் அவள் மனசில் தங்கியது. புருஷன் எபினேசர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், வாரக் கணக்கில் வெளியே இருப்பவர். ஒருநாளும் அவளைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

பக்கத்து ஆஸ்பத்திரியில், ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர் ஊசி தீர்ந்திருந்தது. விடியும்வரை ஐஸ் வைத்துவிட்டு, முதல் மின்சார ரயிலில் சென்னைக்குப் போனார்கள். கூட்டத்தில் யாராவது அந்தக் காலை மிதித்துவிடப் போகிறார்கள் என்று வழியெல்லாம் அவள் குறுக்கே நின்றுகொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காலை உயர்த்திப் படுக்க வைத்திருந்தபோதுதான் பூமிகா என்ற பெண் வந்தாள். இந்த நோய் உள்ளவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வில் வேலை செய்கிறவள்.

"வாழ்க்கைய எப்டிம்மா அளப்பீங்க?" என்றாள் ஆரோக்கியமேரி.

"கேள்வி கேப்போம்மா. இல்லவே இல்ல, எப்பவாவது, அடிக்கடி, எப்பவும்னு ஏதாவது ஒண்ணு சொல்லணும். அதுக்கு மார்க் போட்டுக் கூட்டுவோம்."

ரத்தம் கசியாமல் முன்கூட்டியே தடுக்கிற புது ஊசி ஒன்று வந்திருப்பதாக வார்டில் பேச்சு இருந்தது. கஷ்டம் அதிகமாகி மார்க் குறைந்தவர்களுக்குத்தான் அது கொடுப்பார்கள்போல என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"போன மாசம் வலியால தூக்கம் கெட்டுச்சா?"

"எப்பவாவது" என்றான் ஜெபா.

"மத்தவங்களாட்டம் விளையாட முடியலைன்னு வருத்தமா இருந்துச்சா?"

"இல்லவே இல்ல."

"வேலைக்குப் போக முடியாம போச்சா?"

"இல்லவே இல்ல."

அவளால் தாங்க முடியவில்லை. "பொய் சொல்றான்மா! வீங்கின கால வெச்சிக்கினே போய்க்கினு இருந்தான். ராவெல்லாம் மொனகறான். நான் கேட்டுக்கினு கீறேன்."

"என்னையத்தானே கேக்கறாங்க? கம்முனு இரு."

"உண்மைய சொல்லு நைனா. மார்க் கொறஞ்சாத்தான் அந்த ஊசி குடுப்பாங்க."

பூமிகா பேனாவை இறக்கினாள். "அம்மா, இதுக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்ல. எல்லாரோட பதிலையும் சேத்து அறிக்கை எழுதுவோம். பின்னாடி யாருக்காவது உதவலாம். இவருக்குன்னு இப்ப ஒண்ணும் கெடைக்காது."

ஆரோக்கியமேரி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பூமிகா அடுத்ததைப் படித்தாள்: "இப்படிப் பொறந்ததுக்காக யார் மேலயாவது கோவம் வந்திருக்கா?"

ஜெபா அம்மாவை ஒரு தடவை பார்த்தான்.

"அம்மா, டீ வாங்கினு வா."

"இப்பதானடா குடிச்ச?"

"வாங்கினு வாம்மா."

"கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்றாள் பூமிகாவும்.

கதவில் இருந்த கண்ணாடி வழியே மகனின் உதடு அசைவது தெரிந்தது. பூமிகா குனிந்து எதையோ குறித்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அந்த உதட்டில் எந்தச் சொல்லும் பிடிபடவில்லை. டீயோடு அவள் திரும்பியபோது கேள்விகள் முடிந்திருந்தன.

ரயிலில் மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கேள்விக்கு இன்னா சொன்ன?"

"எந்தக் கேள்வி?" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குமேல் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

வீக்கம் வடிந்தது. ஆனால் கணுக்கால் முன்போல் மடங்கவில்லை. கம்பெனிக்குப் போனபோது காண்ட்ராக்டர் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. பல மாதம் வீட்டில் கிடந்தபின், பஜாரில் ஒரு கூரியர் கடையில் உட்கார்ந்து பில் போடும் வேலை கிடைத்தது. அதையும் அவன்தான் தேடிக்கொண்டான். அவள் செய்ய முடிந்ததெல்லாம் ஐஸ் உறைய வைப்பதும், ஊசி வந்துவிட்டதா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவதும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பூமிகாவிடமிருந்து போன் வந்தது. அதே கேள்விகளை இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். ஜெபா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனான். கேள்வி ஒன்றும் இவள் காதுக்கு எட்டவில்லை. பதில்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன.

"அடிக்கடி."

"ம்... அடிக்கடி."

"இல்லவே இல்ல."

எதற்கு இல்லவே இல்லை? அவள் குழாயை மூடினாள்.

"எப்பவும்" என்றான் ஜெபா. அந்தக் கோவக் கேள்விக்கான பதிலா இது?

எழுந்து போய்க் கேட்கலாம். கேட்டால் சொல்லமாட்டான். சொல்லிவிட்டால் அதைத் தாங்கிக்கொள்ள அவளால் முடியுமா என்பதும் தெரியவில்லை. மீன் செதில் ஒட்டிய கையோடு அவள் அப்படியே குந்தியிருந்தாள்.

அவன் காலைத் தேய்த்தபடி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "இன்னா மீனு?"

"சங்கரா."

"காரமா வை" என்றான்.

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.