சிவப்புக் கிரேயானும் கரண்ட் சாரும்

பிசியோதெரபி என்பது, வலியோடு வருகிறவரை இன்னும் கொஞ்சம் வலிக்கவைத்து, அதற்கு அவரையே நன்றி சொல்லவும் வைக்கிற தொழில். இதில் கிடந்து மாரடிக்கும் அன்பர்களே, தொண்ணூறுகளில் கணபதி என்ற ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பட்ட வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

சனிக்கிழமை மாப்பிள்ளை

நாலரை வருடம் படித்துவிட்டு வந்த எனக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'கரண்ட் வைக்கிற சார்'. போகட்டும். ஒரு சனிக்கிழமை எங்கள் பெரிய டாக்டர், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலில் இரும்புக் கம்பியும் பட்டையுமாகக் காலிப்பர், தோளில் ஜோல்னாப்பை. வாராவாரம் வந்து நோயாளிகளைப் படம் வரைய வைப்பாராம். "உடம்புக்கு என்னன்னு நாம பார்த்துடறோம். அந்த உடம்போட இருக்கறவனுக்கு எப்படி இருக்குதுன்னு இவர் கேக்கட்டும்" என்றார் பெரிய டாக்டர். அப்படியானால் நான் என்னத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேனாம்?

காலிப்பர் போட்ட மனிதரைப் பார்த்து எவனாவது பொறாமைப்படுவானா? நான் பட்டேன். வராந்தாவில் அந்தக் காலிப்பர் சத்தம் கேட்டால் போதும், மாப்பிள்ளை வந்த வீடு மாதிரி எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். என் மெஷினில் படுத்திருந்த ஒருவர், முதுகில் கட்டியிருந்த பட்டையைத் தானே அவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "கரண்டு எங்கீங்க போயிரும்? மாஸ்டரு வந்துட்டாருங்க, போயிட்டு வாரேனுங்க."

பந்தும் லேத்தும்

ரங்கசாமி லேத் பட்டறைக்காரர். மெஷினில் விரல்கள் நசுங்கி, கட்டுப் பிரித்து வந்திருந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கெஞ்சினேன், மிரட்டினேன், பலனில்லை.

மாஸ்டர் வந்து, "உங்க லேத்து எப்படீங்க இருக்கும்?" என்று மட்டும்தான் கேட்டார். ரங்கசாமி பென்சிலைப் பிடித்தவர் மதியச் சாப்பாடு வரைக்கும் விடவில்லை. நான் சொன்ன அதே விரல் மடக்கல், அதே பிடிப்பு! என் சரக்கை எவனோ வேறு கடையில் விற்பது போல இருந்தது. பந்துக்கு என்ன குறை என்று கேட்டேவிட்டேன். ரங்கசாமி தலை நிமிராமல் சொன்னார்: "பந்தை அமுக்கி என்னுங்க ஆகப்போவுது? இது நம்ம லேத்துங்க."

பரவால்லீங்க

மாராத்தாள் அக்கா சரவணம்பட்டித் தோட்டங்காட்டு வேலைக்காரர். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டதில் வலது தோள் இறுகிப்போயிருந்தது. மருமகளிடம் தினமும் தலையைக் கொடுத்துக் கொண்டை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்குப் பெரிய துக்கம். இந்த மாதத்துக்குள் கை மேலே எழும்பாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தோளை வளைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொன்னதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்கும்போதெல்லாம் கேட்பேன், "வலிக்குதுங்களா அக்கா?" சிரித்த முகமாகப் பதில் வரும், "பரவால்லீங்க சார்." வலி இல்லையே என்று நானும் கூடுதலாகத் தூக்குவேன். கையோ நாளுக்கு நாள் இன்னும் இறுகியது.

அடுத்து வந்த சனிக்கிழமை மாஸ்டர் சுவரில் பெரிய தாளை ஒட்டி, ஓர் ஆள் உருவத்தைக் கோடாக வரைந்து, வலிக்கிற இடத்துக்கெல்லாம் வர்ணம் அடிக்கச் சொன்னார். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நான் நக்கலாகச் சிரித்தேன். மாராத்தாள் அக்கா இடது கையால் சிவப்பை எடுத்தார். தோளில் ஆரம்பித்துக் கழுத்து, முதுகு, முழங்கை என்று கிரேயான் ஒடிகிற வரைக்கும் தேய்த்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க வேர்க்க விறுவிறுக்க எங்கையப் புடிச்சுப் பாடுபடறப்ப, வலிக்குதுன்னு மொகத்துக்கு நேரா எப்படீங்க சொல்றது?"

என் கைவண்ணம்

நானும் ஒரு கிரேயான் பெட்டி வாங்கினேன். கை வைப்பதற்கு முன்னால், ஓர் உருவம் வரைந்து வர்ணம் அடிக்கச் சொல்வேன். என் ஓவியத்தைப் பார்த்த ரங்கசாமி, "இது ஆளுங்களா, பூசணிக்காயிங்களா?" என்றார். பரவாயில்லை. அக்காவின் பூசணிக்காயில் சிவப்பு இருந்தால் அன்று ஒத்தடமும் மெதுவான அசைவும் மட்டும். வாரத்துக்கு வாரம் சிவப்பு சுருங்கியது.

மாதக் கடைசியில் ஒரு நாள் அக்காவின் வலது கை பிடரிக்குப் போனது. தட்டுத்தடுமாறி, தானே கொண்டையை முடிந்தார். கோணல் கொண்டைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அந்தக் கையை இன்னும் ஒரு விரற்கடை தூக்கிவிட்டேன். "அட, உடுங்க சார்! உசுரு போவுது! மனுசக் கைன்னு நெனச்சீங்களா, கெணத்து ராட்டுன்னு நெனச்சீங்களா?" வராந்தா முழுக்கக் கேட்டது.

டாக்டர் மயக்க மருந்து கொடுக்கத் தேவையில்லை என்று ஆனபிறகு, மனசு கேட்காமல் அக்காவிடம் விசாரித்தேன்: மாஸ்டரை இப்படி ஒரு நாளாவது வைததுண்டா? அக்கா திடுக்கிட்டுப்போனார். "அவரு விருந்தாளியாட்டங்க, அவரைப் போயி வைய முடியுமுங்களா? நீங்க நம்மூட்டு ஆளுங்க சார்."

நாலரை வருடப் படிப்புக்கு எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அந்த வசவுதான். அதையும் வாங்கிக் கொடுத்தது அந்த மாஸ்டரின் சிவப்புக் கிரேயான்தான் என்பதை நினைத்தால், இன்றைக்கும் வயிறு எரிகிறது.