தினேஸ்வரி குறை சொல்லப் பழகிய கதை

சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஊர் வண்டிகளின் வண்டவாளம் எல்லாம் தெரியும். வண்டிக்காரர்களுடையதும் கொஞ்சம் தெரியும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், நீட்டி முழக்க வராது. யாரைப் பற்றியாவது எழுது என்றால் தினேஸ்வரியைப் பற்றித்தான் எழுதுவேன்.

அவள் என் பக்கத்து வீடு. பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புவாள். ஹார்ன் அடிக்க மாட்டாள், அவள் குரலே போதும். "டேய், சப்பாத்த கையில எடுத்துக்கிட்டு ஏறுடா! உள்ள வந்து மாட்டிக்கலாம்!" புருஷன் சுகுமாரன் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் பினாங்குத் துறைமுகத்தில் கிடப்பான்.

தினேஸ்வரி பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. அங்கிருந்து வந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. என் வீட்டிலும் அது உண்டு. துரை வருகிறார், டாக்டர் வருகிறார் என்றால் லயத்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, காய்ச்சல்காரனையும் எழுப்பித் தலை சீவி உட்கார வைத்துவிடுவார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "நல்லா இருக்கோம் தொர." துரை போனார், தோட்டமும் போனது. அந்தப் பதில் மட்டும் போகவில்லை. வேன் கியரே விழாமல் என் பட்டறைக்கு வந்து நிற்கும்போதும் தினேஸ்வரி, "நல்லாத்தாண்ணே ஓடுது, சும்மா ஒரு தடவ பாருங்க" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள், துர்காஷினி. போன வருடம் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். ஒரு தடவை காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பாள், ஆனால் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள். வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரே ஒரு ஆசிரியை, அவரும் என்ன செய்வார்? ஒருநாள் ஓய்வு நேரத்தில் கேட்டைத் தாண்டி லோரிகள் பறக்கும் பெரிய சாலை வரை போய்விட்டாள். வாசலில் கச்சான் கடலை விற்கிறவர் பார்த்துத் தூக்கி வந்தார். அன்று தினேஸ்வரி வேனை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள்.

டவுனில் இன்னொரு தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது. சில பிள்ளைகள்தான். சாரதாதேவி டீச்சரும் கூடவே ஒரு உதவியாளரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளையைப் பார்த்து எழுதித் தந்தால்தான் இடம். வருடக் கடைசி விடுமுறைக்குள் அது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் அந்த மேசைக்கடியில்தான்.

டாக்டர் தேதி கிடைக்கச் சில மாதம் ஆனது. அந்த மாதங்களில் தினேஸ்வரி என்ன செய்தாள் தெரியுமா? மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். சோதனை என்றால் பாஸாக வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. டாக்டர் மலாய்க்காரராக இருக்கலாம் என்று நிறம், வடிவம், எண் எல்லாவற்றையும் மலாயிலும் சேர்த்துப் படிக்க வைத்தாள். தாமானே வாத்தியாராகிவிட்டது. மளிகைக் கடையில் எலுமிச்சம்பழத்தைக் காட்டிக் கேட்டார்கள். நானும் விடவில்லை, ஒரு கிரீஸ் டின்னைக் காட்டினேன். துர்கா டின்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "கூனிங்" என்றாள். டின் மஞ்சள்தான்.

போகும் அன்று கோயிலில் தேங்காய் உடைத்து, புதுக் கவுன் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக் கூட்டி வந்தாள். வேன் என் பட்டறையில் கிடந்ததால் என் காரில் போனோம். துர்கா என் சாவிக்கொத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். சாவிக்குத் துணையாக நானும் டாக்டர் அறைக்குள் போனேன்.

டாக்டர் இளம் பெண், மலாய்க்காரர், நல்ல மாதிரி. நிற அட்டையைத் தூக்க வேண்டியதுதான், துர்கா பொரிந்து தள்ளினாள். "பண்டாய்!" என்று டாக்டர் கைதட்டினார். கெட்டிக்காரியாம். தினேஸ்வரி முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு அம்மாவிடம் கேள்வி.

"சட்டையைத் தானே போட்டுக்கொள்வாளா?"

"போலே, டாக்டர்." முடியும் என்கிறாள்.

"எல்லாம் சாப்பிடுவாளா?"

"போலே."

"மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவாளா?"

"போலே, போலே!"

நான் இருமினேன். அவள் என் காலை மிதித்தாள்.

பேச்சுதான் கொஞ்சம் தாமதம், சாதாரண வகுப்பிலேயே படிக்கட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். தினேஸ்வரி கோப்பை ஜெயித்தவள் மாதிரி வெளியே வந்து எங்களுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள். துர்கா ஐஸுக்குள் கிடந்த ஜெல்லி, பயறு என்று நிறமுள்ளதை எல்லாம் பொறுக்கி மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

"அப்ப அந்த ஸ்பெஷல் கிளாஸு?" என்று கேட்டேன்.

"அதான் நல்லா இருக்கான்னு சொல்லிட்டாங்களே அண்ணே."

"நல்லா இருக்கிற புள்ளைக்கு அங்க எதுக்கும்மா எடம் குடுக்கப்போறாங்க?"

கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

மறுநாளே சாரதாதேவி டீச்சரைப் பார்க்கப் போனோம். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவில் பிறந்தாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. நடந்ததைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

"நீங்கள் பிள்ளைக்கு உதவி கேக்கப் போனீங்களோ, மாப்பிள்ளை வீட்டுக்குப் பொம்பிளை காட்டப் போனீங்களோ?"

தினேஸ்வரி தலை குனிந்தாள். டீச்சர் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, எனக்குச் சொல்லுங்கோ. இண்டைக்குக் காலமை எழும்பினதில இருந்து என்ன நடந்தது?"

"நல்லா எந்திரிச்சா டீச்சர்."

"பிறகு?"

"நல்லா குளிச்சா."

"கத்துன கத்து என் வூடு வரைக்கும் கேட்டுச்சு," என்றேன்.

"அண்ணே, சும்மா இருங்கலா!" என்று என்மேல் பாய்ந்தவள், குரல் இறங்கிச் சொன்னாள். "பெத்தவ வாயால புள்ளைய கொற சொன்னா பலிச்சிடும் டீச்சர். எனக்கு வாய் வரல."

எனக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் சொல்லாட்டி ஆர் சொல்லுறது, தினேஸ்? தனக்கு என்ன கஷ்டமெண்டு பிள்ளையால சொல்ல ஏலாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

டீச்சரே ஆஸ்பத்திரிக்கு எழுதினார், போன் போட்டார். விடுமுறைக்குச் சற்று முன்னால் ஒரு தேதி கிடைத்தது. இந்தத் தடவை நாங்கள் பாடம் சொல்லிக் கொடுத்தது அம்மாவுக்கு. பட்டறைக்குள் அவள் கால் வைத்தாலே கேட்பேன்:

"வேன் எப்படி இருக்கு?"

"நல்லா..."

"ம்?"

"பிரேக் கத்துது. பின்கதவு மூடல. போதுமா?"

"இன்னும் இருக்கும், சொல்லு."

"ஏசி நாறுது! உங்களுக்கு இதுல ஒரு சந்தோஷம்!"

சுகுமாரன் துறைமுகத்திலிருந்து போனில் கேட்பான், "இன்னிக்கு என்ன கொற சொன்ன?" ஊரில் எந்தப் புருஷனாவது பெண்டாட்டியைக் குறை சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருப்பானா?

இரண்டாவது தடவை அவனும் லீவு போட்டு வந்தான். அதே டாக்டர், அதே கேள்வி. சட்டையைத் தானே போட்டுக்கொள்வாளா?

"போ..." என்று ஆரம்பித்த தினேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். சுகுமாரன் தரையைப் பார்த்தான். துர்கா சாவிக்கொத்தைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தா போலே, டாக்டர்," என்றாள் தினேஸ்வரி. முடியாது. சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு வந்தது பாருங்கள், மடை திறந்த மாதிரி! சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிள் துணியைக் கத்தரிக்காவிட்டால் போட மாட்டாள். வெள்ளையாக இருப்பதைத்தான் தின்பாள்; சட்னியில் ஒரு கடுகு கிடந்தாலும் தட்டு பறக்கும். மிக்சி ஓடினால் தெருவுக்கு ஓடிவிடுவாள். கார் வருவது தெரியாது. வலித்தால் சொல்லத் தெரியாமல் கையைக் கடித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த மலாய் தீர்ந்துபோய்த் தமிழுக்கு வந்துவிட்டாள், நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் ஒரு தாள் முடித்து இன்னொன்று எடுத்தார்.

"போதும்னு சொல்லுங்க டாக்டர்," என்றான் சுகுமாரன். "இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

தினேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆனா டாக்டர், எம்மவ கெட்டிக்காரி. அதையும் எழுதுங்க."

நான் மலாயில் சொன்னேன். டாக்டர் சிரித்தார். "அதை நான் போன தடவையே எழுதிவிட்டேன்."

இந்த வருடம் துர்கா சாரதாதேவி டீச்சர் வகுப்பில் இருக்கிறாள். மணி அடிக்கப் போகிறது என்றால் உதவியாளர் முன்கூட்டியே வந்து காதுக்கு ஒரு மூடி போட்டுவிடுகிறார். நாற்காலியில் உட்காருகிறாள். எப்போதும் இல்லை, ஆனால் உட்காருகிறாள்.

போன வாரம் வேனின் கதவு மறுபடி சிக்கிக்கொண்டது என்று பள்ளி வாசலுக்கே என்னை வரச் சொன்னாள். நான் ஸ்குரூ முறுக்கிக்கொண்டிருந்தேன். பெற்றோர் கூட்டமாக நிற்க, டீச்சர் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "காலமை என்ன நடந்தது, தினேஸ்?" என்றார்.

"சட்டைய கழட்டி வீசிட்டா டீச்சர்!" தெருக்கோடிக்கே கேட்கும் குரல். "பல்லு வெளக்க விடல, என் கையைக் கடிச்சிட்டா! வேன்ல ஏறுனதும் ஜம்முன்னு வந்தா!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தினேஸ்வரி அசரவில்லை, மகளின் பையை டீச்சர் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மகனை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்த ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, நீங்க எந்த டாக்டர்கிட்ட போனீங்க?" என்று கேட்டாள்.

தினேஸ்வரி வேனின் முன்கதவைத் திறந்துவிட்டாள். "ஏறும்மா. போய்க்கிட்டே பேசலாம்."