கரிசல் வெடிப்புக்கு ஏற்ற ஸ்பிரிங்

எங்கள் ரிமோட் கார் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கார் கவிழ்ந்தால் வேறு யாரும் தொடக்கூடாது. ஓட்டுகிறவரே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, வற்றிய கண்மாயின் நடுவே நடந்துபோய் நிமிர்த்திவிட்டு வர வேண்டும். கரையில் நிற்கிறவர்கள் அந்த நடையைப் பார்த்துக் கேலி செய்வார்கள். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. நாலு பேர் பார்க்க நடப்பதென்றால் எனக்குக் கல்யாண வீட்டிலேயே கால் பின்னும்.

போன கோடையில் நாகலாபுரம் பக்கம் நடந்த பந்தயத்தில் என் கார் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. பாதியிலேயே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த கோடையில் ஒரு முறைகூட நடுவே போகாமல் ஓட்டி முடிப்பது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

நான் கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பெரும்பாலும் தீப்பெட்டி பண்டல்கள்தான். பாரம் கூடினால் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போடுவோம். அந்தப் பழக்கத்தில், பொம்மை போன்ற இந்தக் காருக்கும் இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கை மாட்டியிருந்தேன். ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றும் எண்ணெயும் கெட்டியானது. கோடையில் கரிசல் மண் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும். கடினமாக இருந்தால்தான் தாங்கும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசல் சிமெண்டுத் தரையில் காரை முழங்கால் உயரத்திலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பந்துபோல் எம்பியது. சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

“எதுக்கு அதப் போட்டு உடைக்கீய?”

“உடையாதுட்டி. ஸ்பிரிங் பத்தல. இன்னும் கடுசா வேணும்.”

“இன்னுமா? இதுல என்ன தீப்பெட்டி பண்டலா ஏத்தப் போறீய?”

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் உள்ளங்கையால் காரை அமுக்கினேன். இறங்கவே இல்லை. சக்கரங்கள் ஏற்கெனவே முழுக்கக் கீழே நீட்டிக்கொண்டிருந்தன. வெடிப்பு வந்தால் அவை இன்னும் இறங்க இடமில்லை. அந்தரத்தில் தொங்கி, எதிர் விளிம்பில் மோதி, காரையே தூக்கி எறிகின்றன.

எல்லாவற்றையும் கழற்றினேன். அமுக்கினால் இறங்குகிற மென்மையான ஸ்பிரிங் போட்டேன். எண்ணெயை மாற்றி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காதபடி ஷாக் அப்சார்பரின் நடுக்கம்பியை மெல்ல ஏற்றி இறக்கினேன். முதலில் ஊற்றிய எண்ணெய் ரொம்பவும் தண்ணீராக இருந்ததால், பள்ளம் தாண்டிய பிறகும் கார் ஆடிக்கொண்டே போனது. மறுபடி கழற்றி, கொஞ்சம் கெட்டியானதை ஊற்றினேன். கழுகுமலைக்கு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பருத்திமார் பிடுங்கிய நிலத்தின் ஓரம் ஆட்டோவை நிறுத்தி ஓட்டிப் பார்ப்பேன்.

“என்ன அண்ணாச்சி, பேரனுக்கு வாங்குனதா?” என்று பைக்கில் போகிறவர்கள் கேட்பார்கள். தலையை ஆட்டிவைப்பேன்.

பந்தயத்தன்று கார் நான் நினைத்தபடி ஓடியது. சக்கரம் வெடிப்பில் இறங்கி ஏறியது, மேல்கூடு அசையவில்லை. கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில், வளைவில் ஒரு மண்கட்டியில் ஏறி மல்லாந்துவிட்டது.

“வழி விடுங்கப்பா, அண்ணாச்சி நடக்கப் போறாரு,” என்றார் செல்போன் கடை பாய். எங்கள் பந்தயத்துக்கு மைக் இல்லாத அறிவிப்பாளர் அவர்தான்.

காது சுட்டது. அப்படியே காரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போய்விடலாமா என்றுதான் நடந்தேன். நிமிர்த்தி வைத்தபோது பின்பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் திருகு வளையம் குலுக்கலில் தளர்ந்து மேலேறியிருந்தது. அப்படியே விட்டால் அடுத்த வெடிப்பில் மறுபடி கவிழும். குத்தவைத்து உட்கார்ந்து விரலால் திருகினேன்.

“ஏலே, அண்ணாச்சி அங்கனயே ஒர்க்‌ஷாப் தொறந்துட்டாருலே,” என்றார் பாய்.

கரை முழுக்கச் சிரித்தது. மற்ற கார்கள் என்னைச் சுற்றிப் புழுதி கிளப்பிப் போயின. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, அவ்வளவு தூரத்துக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“பாய், எனக்கு இன்னும் சுத்து பாக்கி இருக்கு. யாரும் கெளம்பிராதீய.”

திரும்பி நடந்து ரிமோட்டை எடுத்தேன். எல்லோரும் முடித்துவிட்டு நின்றதால் கண்மாயில் என் கார் மட்டும் ஓடியது. அந்த வளைவை நிமிர்ந்தே தாண்டி, கடைசியாக வந்து சேர்ந்தது.