வெயில் இருந்தும் கரண்ட் இல்லாத நாட்கள்

சோலார் கடையில் இருப்பவர்களுக்கு மழை நாள்தான் நிம்மதி. நல்ல வெயிலில் கரண்ட் போனால் போன் ஓயாது. எங்கள் கடை கல்முனையில் இருக்கிறது. மச்சான், அதாவது என் கணவர், கூரைகளில் ஏறிப் பெனல் பூட்டுகிறார். நான் ஒன்றரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு கீழே போனுக்குப் பதில் சொல்கிறேன். ஒரு வயரைத் தொடக்கூட எனக்குப் பயம். ஆனாலும் கொன்வென்ட்டில் படித்தவள் என்பதால், மிஷினோடு வரும் இங்கிலீஷ் புத்தகங்களை வாசித்து விளங்கப்படுத்துவது என் பொறுப்பு. உங்களிலும் எத்தனையோ பேர் இப்படித்தான், கை வைக்காத வேலைக்கு வாயால் பதில் சொல்லிக் காலம் தள்ளுகிறீர்கள். பிள்ளை உறங்கிய பிறகு கிடைக்கிற நேரத்தில் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹாஜியாரின் வெயில்

எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஒரு ஹாஜியார். பெனல் பூட்டிய இரண்டாம் கிழமை, பட்டப்பகலில் கரண்ட் போய்விட்டது. கூரையில் பத்துப் பெனல் பளபளக்கிறது, வீட்டுக்குள் பேன் சுற்றவில்லை. மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பெட்டரி இல்லாத சோலார் ரோட்டு லைனில் வரும் கரண்டைப் பார்த்து, அதன் தாளத்துக்குத்தான் ஓடும் என்று சொன்னேன். லைன் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் வீட்டுக் கரண்ட் வெளியே போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிரை எடுத்துவிடும்.

ஹாஜியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கம்பத்தில் ஏறுகிறவர்களுக்காகத் துஆவும் கேட்டார். எழும்பிப் போகிற நேரம் குடையை விரித்தபடி சொன்னார்: "அப்ப என்ட கூரைல விழுற வெயிலுக்கும் கரண்ட் ஒபிஸ்ல கேட்டுத்தான் பேன் போடணுமா புள்ள?"

சின்ன ஜெனரேட்டர்

அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கண்டேன். ரோட்டு லைன் இல்லாவிட்டாலும் ஒரு ஜெனரேட்டர் ஓடினால், சோலார் அதையே லைன் என்று எடுத்துக்கொண்டு அதோடு சேர்ந்து ஓடும். பெட்டரி தேவையில்லை. பகலில், ஓடுகிற சாமான்களின் சுமையில் பாதியைச் சோலார் தாங்கும், அந்தளவுக்கு எண்ணெய் மிச்சம். வீட்டை ரோட்டு லைனிலிருந்து பிரித்துவிடும் சுவிட்ச் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அறுகம்பேயில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஒருவரிடம் இதைச் சொன்னதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சான் போய் எல்லாம் பூட்டினார். ஆனால் அவரிடம் இருந்தது ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பெற்றோல் ஜெனரேட்டர். அதில் வரும் கரண்ட் ஒரு நிலையில் நிற்காது, ஏறும், இறங்கும். பெனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் ஐந்து நிமிஷம் அதைப் பார்க்கும், பிடிக்காமல் விலகிவிடும், மறுபடி ஐந்து நிமிஷம் பார்க்கும். பின்னேரம் வரை இதேதான். அலையில் சறுக்கப் பலகையோடு கடலுக்குப் போன வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தும் அது சேரவில்லை. அவர் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்: "தங்கச்சி, மாப்புள பார்க்க வாற ஆக்கள்கூட இவ்வளவு குறை பிடிக்கமாட்டாங்க."

படித்த பிள்ளை

எனக்கு அக்கா முறையான மாவடிப்பள்ளி ஜெஸீமா ராத்தாவிடம் இருந்தது நல்ல டீசல் ஜெனரேட்டர். கணவர் மௌத்தான பிறகு, அரிசியும் மிளகாயும் அரைக்கும் மில்லை ராத்தாதான் நடத்துகிறார். மில்லுக்குப் பக்கத்து அறையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வைத்திருந்தார். ஐம்பது முட்டை, நூறு முட்டை என்று பழகி, அந்த முறைதான் முதன்முதலாகப் பெட்டி நிறைய முந்நூறு அடுக்கியிருந்தார். ஊர்ப் பெண்கள் வந்து, எனக்குப் பத்து, எனக்கு இருபது என்று சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மச்சான் அங்கே எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒன்றுக்காகக் காத்திருந்தார். சோலாரும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஓடுகிற நேரத்தில் பாவிக்கிற கரண்ட் குறைந்துவிட்டால், சோலாரை அடக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கருவி வேண்டும். கொழும்பிலிருந்து அது வந்து சேரவில்லை. அதுவரை இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அந்தக் கிழமை பார்த்து லைன் வேலைக்காகப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பகலில் கரண்ட் வெட்டுவதாக அறிவித்தார்கள். முட்டைப் பெட்டிக்குக் கரண்ட் நிற்கக் கூடாது, தனி ஜெனரேட்டர் என்றால் டீசல் காணாது, சேர்த்துப் போடலாமா என்று ராத்தா போனில் கேட்டார். மச்சான் ஏதோ ஒரு கூரையில் நின்றார், போன் எடுக்கவில்லை. கொன்வென்ட்டில் சிஸ்டர் கேள்வி கேட்டால் எழும்பி நின்று ஏதாவதொரு பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மகள் மடியில் அழுகிறாள், நான் ஒரு கையால் புத்தகத்தைப் புரட்டுகிறேன். சுமை குறையாமல் இருந்தால் சேர்க்கலாம் என்று அதில் இருந்தது. மில் மோட்டரைவிடப் பெரிய சுமை என்ன வேண்டும்? மில் ஓடினால் பயமில்லை ராத்தா என்று சொல்லிவிட்டேன்.

ராத்தா சொன்னார்: "அவரு வேணாமெண்டுதான் சொன்னாரு. சரி, நீங்க படிச்ச புள்ள, நீங்க சொன்னாச் சரி."

வெள்ளிக்கிழமை

புதனும் வியாழனும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. டீசல் பாதிதான் போயிருக்கிறது என்று வியாழன் பின்னேரம் ராத்தா போன் எடுத்துச் சந்தோஷப்பட்டார். மச்சானிடம் இதை எப்படிப் பெருமையாகச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆத் தொழுகைக்கு வாங்கு சொன்னால் நம் ஊர்களில் கடையோ மில்லோ எதுவும் ஓடாது. உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கத் தேவையில்லை. ராத்தா மில்லை நிறுத்தினார். வேலையாட்கள் பள்ளிக்குப் போனார்கள். முட்டைப் பெட்டிக்காக ஜெனரேட்டரை மட்டும் ஓடவிட்டு, ராத்தா உள்ளே தொழப் போனார். வெயில் உச்சியில் நிற்கிற நேரம் அது. பெனல்கள் கரண்டை அள்ளித் தருகின்றன, அதை எடுக்க ஒரு முட்டைப் பெட்டியை விட்டால் வேறெதுவும் இல்லை. மிஞ்சிய கரண்ட் ஜெனரேட்டரையே எதிர்த்துத் தள்ளியது, வோல்ட்டேஜ் ஏறியது. இன்வேர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குள் ஜெனரேட்டரின் ரெகுலேட்டரும் முட்டைப் பெட்டியின் போர்டும் கருகிப்போயின. முட்டைகளுக்கு அன்று பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாளில் குஞ்சு வர வேண்டும்.

போனில் ராத்தா ஏசுவார் என்று நினைத்து நான் முதலே அழத் தொடங்கிவிட்டேன். அவர் ஏசவில்லை. மெதுவாகக் கேட்டார்: "வாங்கு சொன்னோடன மில்ல நிப்பாட்டினன் புள்ள, அதுவா பிழை?"

உமிக்குள் முட்டைகள்

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் போனேன். மச்சான் எனக்கு முதலே வந்து, கருகிய போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரோட்டு லைன் வர ஐந்து மணியாகும், வந்தாலும் போர்டு இல்லாமல் பெட்டி சூடாகாது. மில்லில் கிடந்த உமியைச் சட்டியில் சூடாக்கிப் பெட்டிகளில் கொட்டி, முட்டைகளைப் பழைய துணியில் சுற்றி அதற்குள் வைத்தோம். ஆற ஆற மறுபடி சூடாக்கினோம். ராத்தா ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். உள்ளே மெல்லத் தட்டுகிற சத்தம். அடுத்ததை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதையும் காதில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதே நான், ஒரு குழந்தைக்கு மருந்துப் புகை பிடிக்கும் மிஷினுக்கு இப்படிச் சொல்லியிருந்தால் என்ற நினைப்பு வந்து, மகளை இறக்கிவிடவே முடியவில்லை.

முந்நூறில் நாற்பத்தொன்றுதான் குஞ்சாக வந்தது. மற்றவற்றை வளவின் மூலையில் கிடங்கு வெட்டி, ராத்தாவும் நானும் ஒவ்வொன்றாக இறக்கினோம். போர்டையும் ரெகுலேட்டரையும் மச்சான் மாற்றிக் கொடுத்தார். என்னை அவர் ஏசவில்லை. இந்தப் புத்தகத்தை எழுதினவனுக்கு ஜும்ஆ தெரியாது, உனக்குத் தெரியும்தானே என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கிடங்கை மூடிய பிறகு ராத்தாவிடம் மாப்புக் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகளை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரம் குஞ்சுகளைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்கமாட்டன் புள்ள, எங்கயாவது டீசல் தேடியிருப்பன்."

இப்போது பெட்டரி இல்லாமல் சோலாரையும் ஜெனரேட்டரையும் சேர்க்க வேண்டும் என்று யார் வந்தாலும், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உங்கள் இடத்தில் என்னென்ன ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறேன், அவர்களும் என்னை மார்க்கப் பற்றுள்ள பெண் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.